பழைய வாடிக்கையாளருக்கு என்ன மரியாதை?

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ ஒரே கடையில் பத்து ஆண்டுகளாகச் சேலை வாங்கியவர் கல்லாப்பெட்டி அருகே வந்து நின்றால், கடைக்காரர் விலையில் கொஞ்சமாவது குறைத்துத்தான் கொடுப்பார். பழகியவருக்குக் காட்டும் மரியாதை அது. வீட்டு இணையச் சேவையில் இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கிறது. நேற்று வந்து சேர்ந்தவருக்குக் குறைந்த கட்டணத்தில் கூடுதல் வேகம் கிடைக்கிறது. பத்து ஆண்டுகளாகத் தவறாமல் பணம் கட்டி வருபவரோ பல வேளைகளில் பழைய திட்டத்திலேயே, பழைய கட்டணத்திலேயே நின்றுவிடுகிறார்.

இது ஏன் நடக்கிறது, வாடிக்கையாளர் என்ன செய்யலாம் என்பது புரிய வேண்டுமானால், இந்நாட்டு வீடுகளுக்குள் இணையம் நுழைந்த கதையைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

தாமிரக் கம்பிக் காலம்

மலேசியாவின் முதல் இணையச் சேவையான ஜாரிங், மிமோஸ் நிறுவனத்தின் முயற்சியில் 1992இல் தொடங்கியது. 1996இல் டெலிகோம் மலேசியாவின் டிஎம்நெட் வந்தது. அப்போது மோடம் தொலைபேசி எண்ணை அழைத்துத்தான் இணையத்திற்குள் நுழைய முடியும். பிள்ளை கணினி முன் உட்கார்ந்திருக்கும் வரை வீட்டுத் தொலைபேசிக்கு வேறு அழைப்பு வராது. மாதக் கடைசியில் தொலைபேசி பில்லைப் பார்த்துத் தகப்பனார் சத்தம் போடாத வீடு குறைவு.

2001இல் அறிமுகமான ஸ்ட்ரீமிக்ஸ் இந்தத் தொல்லையைத் தீர்த்தது. ஒரே தாமிரக் கம்பியில் பேச்சு தாழ்ந்த அலைவரிசையிலும் இணையம் உயர்ந்த அலைவரிசையிலும் சென்றதால் இரண்டும் ஒரே நேரத்தில் இயங்கின. ஆனால் உயர்ந்த அலைவரிசைக்கு ஒரு குணம் உண்டு. தாமிரக் கம்பி நீள நீள, அதன் வலு வேகமாகக் குறைந்துவிடும். தொலைபேசி நிலையத்திற்கு ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருந்தவருக்கும் நான்கு கிலோமீட்டர் தள்ளி இருந்தவருக்கும் ஒரே கட்டணம். வேகம் மட்டும் ஒன்றல்ல. கம்பி இணைப்புகளில் மழைநீர் புகுந்தால் இணைப்பு அறுந்து அறுந்து வரும். இடி இடித்தால் மோடம் கருகும். தாமிரத்திற்கு விலை இருந்ததால் கம்பித் திருட்டு வேறு.

அக்காலத்தில் வேகம் குறைந்தால் பழி முழுவதும் உள்ளூர்க் கம்பி மீதே விழும். எல்லா நேரமும் அது காரணமல்ல. 2006 டிசம்பர் 26இல் தைவான் அருகே ஏற்பட்ட நிலநடுக்கத்தில் கடலடிக் கம்பிகள் பல அறுந்தன. மலேசியா உட்பட ஆசிய நாடுகள் பலவற்றில் வெளிநாட்டு இணையத் தளங்கள் நாள்கணக்கில் தவழ்ந்தன. கோளாறு வீட்டிலா, தெருவிலா, கடலிலா என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் இன்றைக்கும் பயன்படும்.

ஒரே பணம், இரு வேறு உலகம்

2008இல் அரசாங்கமும் டெலிகோம் மலேசியாவும் அதிவேக அகண்ட அலைவரிசைத் திட்டத்திற்கு ஒப்பந்தம் செய்தன. மொத்தச் செலவு 11.3 பில்லியன் ரிங்கிட். அதில் அரசாங்கத்தின் பங்கு 2.4 பில்லியன். அதன் பயனாக 2010 மார்ச் மாதத்தில் யூனிஃபை சேவை தொடங்கியது. பங்சார், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில், சுபாங் ஜெயா, ஷா ஆலாம் ஆகிய இடங்களுக்கு முதலில் ஒளியிழை வந்தது. 5 மெகாபிட் வேகத்திற்கு 149 வெள்ளி, 10 மெகாபிட்டிற்கு 199 வெள்ளி, 20 மெகாபிட்டிற்கு 249 வெள்ளி என்று மாதக் கட்டணம் வைக்கப்பட்டது.

ஒளியிழையில் மின்சாரம் பாய்வதில்லை, ஒளிதான் பாய்கிறது. தூரம், மழை, மின்னல் ஆகியவற்றின் தொல்லை அதற்கு மிகக் குறைவு. ஆனால் அது எல்லாத் தெருவுக்கும் ஒரே நாளில் வரவில்லை. கிள்ளான் நகரின் பெயர் அந்த முதல் பட்டியலில் இல்லை. பழைய அடுக்குமாடிகள் பலவற்றில் ஒளியிழை கட்டடத்தின் அடித்தளம் வரை வந்து, அங்கிருந்து வீடு வரை பழைய தாமிரக் கம்பியே தொடர்ந்தது.

ஒளியிழை வராத இடத்தில் இருந்தவர்கள் ஸ்ட்ரீமிக்ஸ் வாடிக்கையாளர்களாகவே தொடர்ந்தனர். 2018 வாக்கில் 8 மெகாபிட் ஸ்ட்ரீமிக்ஸ் திட்டத்திற்கு மாதம் 160 வெள்ளி. அதே ஆண்டின் பிற்பகுதியில் 100 மெகாபிட் ஒளியிழைச் சேவை 129 வெள்ளிக்கு விற்பனைக்கு வந்தது. பன்னிரண்டு மடங்குக்கு மேல் வேகம், 31 வெள்ளி குறைவு. நிறுவனத்தோடு நெடுங்காலம் இருந்தவர்களே இந்தக் கணக்கில் அதிகம் இழந்தார்கள். இது வெளிப்படையான பேச்சானதும், அவர்களை ஒளியிழைக்கு மாற்றுவதற்கும் கட்டணத்தைக் குறைப்பதற்கும் நடவடிக்கை எடுக்கப்பட்டது. ஸ்ட்ரீமிக்ஸ் என்ற பெயரே பின்னர் மறைந்துவிட்டது.

விலை குறைந்தது எப்படி?

2018இல் கட்டணம் திடீரென்று இறங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் கொண்டுவந்த அணுகல் விலை மீதான கட்டாயத் தர விதிமுறை அந்த ஆண்டு ஜூன் மாதம் நடப்புக்கு வந்தது. வீட்டுக்காரர் கட்டும் பில்லை இந்த விதிமுறை நேரடியாக நிர்ணயிக்கவில்லை. ஒளியிழைக் கட்டமைப்பை வைத்திருக்கும் நிறுவனம், அதை வாடகைக்கு எடுத்துச் சேவை விற்கும் மற்ற நிறுவனங்களிடம் எவ்வளவு வாங்கலாம் என்பதற்கே வரம்பு கட்டியது. மொத்த விலை இறங்கியதும் சில்லறை விலையும் இறங்கியது. இரு மடங்கு வேகம், பாதி விலை என்பது அப்போதைய அமைச்சர் கோபிந்த் சிங் டியோ முன்வைத்த இலக்கு. இந்த விதிமுறை மறு ஆய்வு செய்யப்பட்டு, 2023இல் மீண்டும் கட்டணக் குறைப்பு வந்தது. 100 மெகாபிட் திட்டம் 129 வெள்ளியிலிருந்து 99 வெள்ளிக்கு இறங்கியது.

இங்கேதான் பழைய வாடிக்கையாளர் கவனமாக இருக்க வேண்டும். ஒப்பந்தம் பெரும்பாலும் 24 மாதம். அது முடிந்த பிறகும் சேவை நிற்காது. மாதாமாதம் அதே கட்டணத்தில் ஓடிக்கொண்டிருக்கும். சந்தையில் விலை இறங்கியது என்பதற்காக எல்லாப் பழைய பில்லும் தானாக இறங்கிவிடாது. சில சமயங்களில் கட்டணத்தைக் குறைக்காமல் வேகத்தை மட்டும் கூட்டித் தருவார்கள். 2018இல் பழைய யூனிஃபை வாடிக்கையாளர்களுக்கு அப்படித்தான் கூடுதல் கட்டணமின்றி வேகம் உயர்த்தப்பட்டது. நல்லதுதான். ஆனால் நாளிதழ் படிக்கவும் பேரப்பிள்ளைகளோடு முகம் பார்த்துப் பேசவும் மட்டுமே இணையம் வைத்திருக்கும் முதியவருக்குக் கூடுதல் வேகத்தைவிடக் குறைந்த பில்தான் உதவும்.

கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். 99 வெள்ளித் திட்டம் இருக்கும்போது ஒருவர் 129 வெள்ளித் திட்டத்திலேயே இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். மாதம் 30 வெள்ளி வீதம் இரண்டு ஆண்டுகளில் 720 வெள்ளி. 6 விழுக்காடு சேவை வரியையும் சேர்த்தால் 763 வெள்ளி 20 காசு.

வேகம் எங்கே போகிறது?

அடுத்த புகார், சொன்ன வேகம் வருவதில்லை என்பது. முதலில் அளவையைப் புரிந்துகொள்ள வேண்டும். நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட்டில் சொல்கின்றன. கணினி கோப்பின் அளவை மெகாபைட்டில் காட்டுகிறது. எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் இணைப்பில் ஒரு நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட் இறங்கும். அதைப் பார்த்து ஏமாற்றப்பட்டதாக எண்ண வேண்டியதில்லை.

இரண்டாவது, ரூட்டர். பல ஆண்டுகளுக்கு முன் பொருத்திய ரூட்டர் இன்னும் அலமாரி மேல் தூசு படிந்து இருக்கும். அதன் கம்பித் துளைகள் 100 மெகாபிட்டுக்கு மேல் அனுப்ப முடியாதவையாக இருந்தால், 300 மெகாபிட் திட்டம் எடுத்தாலும் பயனில்லை. பழைய வகை ரூட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில் மட்டுமே இயங்கும். அடுக்குமாடியில் அண்டை அயலார் அனைவரும் அதே அலைவரிசையில் இருப்பதால் நெரிசல் உண்டாகும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. ஆனால் காங்கிரீட் சுவரைத் தாண்டும்போது தளர்ந்துவிடும்.

எனவே வேகத்தை அளக்கும்போது கணினியைக் கம்பி மூலம் ரூட்டருடன் நேரடியாக இணைத்து அளக்க வேண்டும். காலை, மாலை, இரவு என மூன்று நேரம், சில நாட்கள் தொடர்ந்து அளந்து குறித்து வைத்தால், கோளாறு வீட்டுக்குள்ளா வெளியிலா என்பது தெரிந்துவிடும்.

நிறுவனத்தை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் எப்போதும் உண்மையல்ல. பல நிறுவனங்கள் டெலிகோம் மலேசியாவின் ஒளியிழையை வாடகைக்கு எடுத்தே சேவை தருகின்றன. பில்லில் பெயர் மாறும். வீட்டுக்கு வரும் இழை அதுவேதான். தெருவில் இழை அறுந்தால் அந்த இழையை வைத்திருக்கும் நிறுவனம்தான் அதைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். கட்டணத்திற்காக மாறுவது வேறு, கோளாறுக்காக மாறுவது வேறு.

உரிமையைக் கேட்கும் முறை

முதலில் பில்லை எடுத்துத் திட்டத்தின் பெயர், வேகம், ஒப்பந்தம் முடியும் தேதி ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்திருந்தால் பேரம் பேசும் பலம் வாடிக்கையாளர் பக்கம் இருக்கிறது. புதிய வாடிக்கையாளருக்கு என்ன விலை என்று கேட்டு, அந்த விலையைத் தமக்கும் தரச் சொல்லலாம். அதற்கு இணங்கும்போது மீண்டும் 24 மாத ஒப்பந்தம் தொடங்குகிறதா, இடையில் நிறுத்தினால் தண்டம் எவ்வளவு என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்வது அவசியம். சேவையை நிறுத்துபவர், கருவியைத் திருப்பிக் கொடுத்த ரசீதையும் கணக்கு மூடப்பட்ட கடிதத்தையும் பத்திரப்படுத்த வேண்டும்.

கோளாறு என்றால் ஒவ்வொரு முறையும் புகார் எண்ணைக் கேட்டு வாங்கி, தேதியோடு எழுதி வைக்க வேண்டும். நிறுவனம் தீர்வு தராவிட்டால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் இணையப் புகார் தளத்தில் பதிவு செய்யலாம். பண இழப்பைக் கோருவதற்குப் பயனீட்டாளர் நடுவர் மன்றமும் இருக்கிறது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த அம்மன்றத்தில் மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. அங்கே வாய்ப்பேச்சைவிடக் கையில் இருக்கும் குறிப்புப் புத்தகம்தான் பேசும்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது வகுப்பறை வீட்டுக்குள் வந்தது. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரே இணைப்பு. அது அறுந்தால் மூன்று பாடமும் அறுந்தது. இணையம் பொழுதுபோக்கு அல்ல, தண்ணீர், மின்சாரம் போன்ற தேவை என்பதை அந்த நாட்கள் காட்டின. தண்ணீர் பில் கூடினால் குழாயைச் சோதிக்கிறோம். இணைய பில்லை மட்டும் ஆண்டுக்கணக்கில் பிரித்துப் பார்க்காமல் கட்டி வருகிறோம்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட வீட்டில் தனியே இருக்கும் பெரியவர்களுக்கு இப்படிக் கேட்கத் தெரியாமல் போகலாம். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ வீடு திரும்பும் பிள்ளைகள், அம்மா அப்பாவின் இணைய பில்லை ஒரு முறை எடுத்துப் பார்த்தால் போதும். பத்து நிமிட வேலை. பலன் ஆண்டு முழுவதும் இருக்கும்.