மரத்தின் மேல் மோகம்: எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

ரோமில் பாசியெனஸ் கிரிஸ்பஸ் என்று ஒரு பேச்சாளர் இருந்தார். இரண்டு முறை கான்சல் பதவி வகித்தவர். நீரோவின் தாயை மணந்தவர். டஸ்குலத்துக்கு அருகே டயானாவின் தோப்பில் நின்ற ஒரு பெருமரத்தைக் கட்டிப்பிடித்து முத்தமிடுவார், அதன்மேல் மதுவும் ஊற்றுவார் என்கிறார் ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி. அது பக்தியா, மோகமா என்று இப்போது யாரும் சொல்ல முடியாது.

பிடிப்பு வேறு, பாலீர்ப்பு வேறு

மரம் மனதுக்கு இதம் தருவதில் விநோதம் ஒன்றுமில்லை. பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களை ரோஜர் உல்ரிச் ஒப்பிட்டு, 1984இல் ஆய்வை வெளியிட்டார். ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. நம் ஊரில் அரசுக்கும் வேம்புக்கும் நடத்தும் கல்யாணமும் வேறு கணக்கு. மரத்தின்மேல் பாலுணர்வே எழுந்தால்தான் அதை ‘டென்ட்ரோஃபிலியா’ என்கிறார்கள்.

அதுவும் நோய்தானா?

ஈர்ப்பு இருப்பதாலேயே நோயாகிவிடாது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டின்படி, நோய் என்று சொல்ல, வழக்கத்துக்கு மாறான பாலீர்ப்பு குறைந்தது ஆறு மாதம் நீடித்து, அது உள்ளவருக்கே வேதனை தரவேண்டும், அல்லது வேலையையும் உறவையும் குலைக்கவேண்டும், அல்லது பிறருக்குத் தீங்காகவேண்டும். தனக்குள் வைத்துக்கொண்டு நிம்மதியாக வாழ்பவருக்குச் சிகிச்சை எதற்கு? பொது இடத்தில், பிறர் கண்ணெதிரே என்றால் அது சட்டச் சிக்கல். பட்டை உரசிப் புண்ணாவதும், பால் வடியும் மரங்களால் தோல் எரிவதும் கூச்சத்தால் மறைக்கப்படும் தொல்லைகள். புண் சீழ் பிடிக்கும்வரை காத்திருக்கக் கூடாது.

திடீரென வந்தால்

நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். ஐம்பது, அறுபது வயதில், அதுவரை இல்லாத பாலார்வம் முளைத்தால் ‘வயசான காலத்தில் புத்தி கெட்டுப்போச்சு’ என்று வீட்டார் தலைகுனிகிறார்கள். மூளையின் முன்பகுதியைத் தாக்கும் ஒருவகை மறதிநோய் இப்படி ஆரம்பிக்கலாம். பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் பிராமிபெக்சால், ரோபினிரோல் போன்ற மருந்துகளும் சிலருக்குச் சூதாட்ட வெறி, அடங்காத பாலுணர்வு எனக் கட்டுப்பாட்டைக் குலைப்பதுண்டு. அதற்காக மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்துவதும் ஆபத்து. நரம்பியல் மருத்துவரிடம் ஒளிக்காமல் சொன்னால், அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ பார்ப்பார்.

இளவயதினருக்கு மனநல மருத்துவரும் பேச்சுச் சிகிச்சையும் உதவலாம். நேரில் சொல்லக் கூசினால், இந்திய அரசின் டெலி மானஸ் எண் 14416இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.