மோதிக்கொள்ளும் வளைகோடுகள்

குடுமியான்மலையில் மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறையில் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இசைக் கல்வெட்டு இருக்கிறது. பல்லவ கிரந்தத்தில் ஏழு பகுதிகள். சுரங்கள் நான்கு நான்காகக் கோக்கப்பட்டுள்ளன. சட்ஜம் ச, சி, சு, செ என உயிரொலி மாறி வருகிறது. உலகின் முதல் இசைக்குறிப்பு இதுவே என்பது மிகை. சிரியாவில் கிடைத்த உகாரித் களிமண் பலகைகள் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு மூத்தவை. இதன் சிறப்பு வேறு. ஒலிக்கும் ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் எழுத்து, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் இடம். ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதற்கு வழியே இல்லை.

மேலை இசையின் ஐந்து கோட்டு முறையில் அந்த வசதி இல்லை. 1890களில் ஏ.எம். சின்னசாமி முதலியார் கர்நாடக இசை உருப்படிகளை இம்முறையில் சென்னையில் பதிப்பித்தார். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறிய இளையராஜாவின் சிம்பொனி வரை இந்தக் கோடுகளின் பயணம் நீள்கிறது.

இம்முறையில் ஒரே சுரம் இடையறாமல் நீளும்போது, இரண்டு சுரக்குறிகளை இணைக்கும் வளைகோட்டுக்கு 'டை' என்று பெயர். ஒரே கோட்டுத் தொகுதியில் பல குரல்கள் எழுதப்பட்டால், முதல் குரலின் டை மேல்நோக்கியும் இரண்டாவதன் டை கீழ்நோக்கியும் வளையும். சிக்கல் மூன்றாம் குரலில் வருகிறது. அதற்கும் மேல்திசைதான் வழக்கம். முதல் குரலும் மூன்றாம் குரலும் அடுத்தடுத்த சுரங்களில் நீண்டால், இரு வளைவுகளும் ஒரே இடுக்கில் உரசும்.

1996இல் தொடங்கிய, இசைக்குறிப்புகளை அச்சுக்கு அமைக்கும் இலவச மென்பொருளான லில்லிபாண்ட் இதைத் தண்டனை மதிப்பெண்ணால் அணுகுகிறது. ஒவ்வொரு டைக்கும் பல இடங்களைக் கற்பனை செய்து, கோட்டைத் தொட்டால் இத்தனை, புள்ளியில் இடித்தால் இத்தனை, அடுத்த வளைவை நெருங்கினால் இத்தனை என்று கூட்டி, குறைந்த தொகை வரும் அமைப்பைத் தேர்கிறது. கல்யாணப் பந்தியில் ஆள் உட்காரவைப்பது போன்ற வேலை இது. தூணருகே பெரியப்பா வேண்டாம். இடக்கைக்காரர் ஓரத்தில் இருக்கட்டும். பேச்சுவார்த்தை இல்லாத இருவர் பக்கத்தில் பக்கத்தில் கூடாது. ஒருவரை நகர்த்தினால் மூவர் எழ வேண்டும். ஆனால் இந்தக் கணக்கு இயல்பாக ஒரு குரலுக்குள்ளேயே நடக்கிறது. பெண் வீட்டார் தங்கள் ஆட்களை மட்டும், மாப்பிள்ளை வீட்டார் தங்கள் ஆட்களை மட்டும் பார்த்து இலை போட்டால், இரு தரப்பும் ஒரே இலையைக் காட்டுவார்கள்.

அத்தகைய இடங்களில் வளைவின் திசையையும் உயரத்தையும் பயனர் கட்டளையாக எழுதித் திருத்த வேண்டும். எல்லாவற்றையும் மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்ற விளம்பரத்தை நம்பி, பல குரல் பக்கங்களைச் சரிபார்க்காமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது. எந்தச் சுரம் நீள்கிறது என்று வாசிப்பவர் தயங்கினால், அந்தப் பக்கம் தன் வேலையைச் செய்யவில்லை.