மன்னிப்புக் கேட்கும் கம்பனிகள்: நாளைய பொதுசனத் தொடர்பு எப்படி இருக்கும்?



உங்கள் கைத்தொலைபேசியை ஒரு கணம் எடுத்துப் பாருங்கள். அதைச் செய்தவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது. அதனுள்ளே இயங்கும் மென்பொருளை எழுதியவரை நீங்கள் ஒருநாளும் காணப் போவதுமில்லை. சந்திக் கடைக்காரர் பழுதான சாமானைத் தந்துவிட்டால் முகத்துக்கு நேரே கேட்டுவிடலாம். பல்லாயிரம் மைல்களுக்கு அப்பாலுள்ள கம்பனியிடம் எப்படிக் கேட்பது?

அந்தக் கம்பனிக்கும் நமக்கும் நடுவில் நிற்பதுதான் பொதுசனத் தொடர்புப் பிரிவு. விளம்பரம் என்பது காசு கொடுத்துச் செய்யும் புகழ்ச்சி. பொதுசனத் தொடர்போ மக்களின் நம்பிக்கையைத் தேடுவது. 1906ஆம் ஆண்டு அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அருகே புகையிரதமொன்று பாலத்திலிருந்து நீரில் வீழ்ந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அப்போது புகையிரதக் கம்பனியின் ஆலோசகராக இருந்த ஐவி லீ என்பவர், செய்தியை மறைக்காமல் கம்பனியே அறிக்கை வெளியிடச் செய்தார். இன்றைய பத்திரிகை அறிக்கைகளுக்கு அதுவே முன்னோடி என்பர். ஆக, இத்துறையின் ஆரம்பப் பாடமே உண்மையை முந்திச் சொல் என்பதுதான். அப்பாடத்தைத் தொழினுட்பக் கம்பனிகள் கற்றுக் கொண்டனவா?

27,000 வருடத்துக்கு ஒருமுறை!

1994இல் இன்டெல் கம்பனியின் பென்டியம் ‘சிப்’பில் ஒரு குறை இருந்தது. சில வகுத்தல் கணக்குகளில் அது பிழையான விடை தந்தது. கணிதப் பேராசிரியர் தோமஸ் நைஸ்லி அதைக் கண்டுபிடித்து வெளிப்படுத்தினார். கம்பனி என்ன சொன்னது? சாதாரண பாவனையாளருக்கு 27,000 வருடங்களுக்கு ஒருமுறைதான் இப்பிழை நேரும் என்றது. தமது வேலைக்கு மாற்றுச் சிப் அவசியம் என்பதைக் காட்டுவோருக்கு மட்டுமே மாற்றித் தருவோம் என்றும் கூறியது. மக்களுக்குக் கோபம் வந்தது. ஐபிஎம் நிறுவனம் அந்தச் சிப் பொருத்திய கணனிகளை அனுப்புவதை நிறுத்தியது. டிசெம்பரில் இன்டெல் பணிந்து, கேட்ட எல்லோருக்கும் மாற்றித் தர இணங்கியது. இதற்கென அது ஒதுக்கிய தொகை 475 மில்லியன் டொலர்!

கணக்கில் கம்பனி சொன்னது பொய்யல்ல. ஆனால் வாங்கியவன் கேட்டது கணக்கை அல்ல, “நீ என்னை மதிக்கிறாயா?” என்பதையே கேட்டான்.

நமது நாட்டின் அனுபவம்

இன்டெல்லின் பிழையால் எவருடைய வீடும் எரியவில்லை. ஆனால் தொழினுட்பக் கம்பனியொன்று காது கொடுக்கத் தவறினால் என்ன நேரும் என்பதை நாம் 2018இல் கண்டோம். பெப்ரவரி இறுதியில், அம்பாறையில் உணவில் கருத்தடை மாத்திரை கலக்கப்படுவதாகக் கிளப்பிவிடப்பட்ட கட்டுக்கதை சமூக ஊடகங்களில் பரவியது. மார்ச் மாதம் திகனவிலும் கண்டி மாவட்டத்தின் பிற இடங்களிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அரசாங்கம் பேஸ்புக் உள்ளிட்ட தளங்களைச் சில நாட்கள் தடை செய்தது. வெறுப்பைத் தூண்டும் சிங்களப் பதிவுகளைப் பற்றி முறையிட்டும் அவை நீக்கப்படவில்லை என்று பலர் கூறினர். ஏப்ரலில் நம் நாட்டுச் சிவில் அமைப்புகள் அக்கம்பனிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதின.

பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது எப்போது தெரியுமா? 2020 மே மாதத்தில், சுயாதீன ஆய்வு அறிக்கையொன்று வெளியானபோது. இரண்டு வருடங்கள்! எரிந்த கடைக்குச் சொந்தக்காரன் அதற்குள் கடன் வாங்கிக் கூரை போட்டிருப்பான். அல்லது ஊரையே விட்டுப் போயிருப்பான். மன்னிப்புக் கேட்டது நல்லதே. ஆனால் பிந்தி வந்த மன்னிப்பு யாருடைய கடையைக் காப்பாற்றும்?

இனி வரப்போவது என்ன?

முதலாவது மாற்றம், பேசும் நேரத்தைச் சட்டம் தீர்மானிப்பதாகும். 2018 மே முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில், மக்களின் தனிப்பட்ட தகவல்கள் கசிந்து அவர்களுக்குப் பாதிப்பு நேரக்கூடுமானால், அது தெரியவந்த 72 மணித்தியாலத்துக்குள் அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். அமெரிக்காவிலும் பங்குச் சந்தைக் கம்பனிகள், இணையத் தாக்குதலொன்று பாரதூரமானது என்று கண்டால் நான்கு வேலை நாட்களுக்குள் பகிரங்கப்படுத்த வேண்டும் என்ற விதி 2023இல் வந்தது. “பொறுத்திருந்து பார்ப்போம்” என்ற பழைய உபாயம் இனிச் செல்லாது.

இரண்டாவது, குறையை ஒளிக்காத கம்பனியே மீண்டும் நிமிரும். 2024 ஜூலை 19இல் கிரவுட்ஸ்ட்ரைக் கம்பனி அனுப்பிய பிழையான மென்பொருள் இற்றைப்படுத்தலால் சுமார் 85 இலட்சம் கணனிகள் முடங்கின. விமான நிலையங்களும் வைத்தியசாலைகளும் திணறின. தலைமை அதிகாரியின் முதல் அறிக்கையில் மன்னிப்பு என்ற சொல்லே இல்லை, கண்டனம் எழுந்தது, அன்றே அவர் மன்னிப்புக் கேட்டார். அடுத்த மாதம் முழுக் காரணத்தையும் கம்பனி வெளியிட்டது. ஆண்டின் பெருந்தோல்விக்கெனக் கேலியாக வழங்கப்பட்ட விருதைக் கம்பனியின் தலைவர் நேரிலேயே சென்று வாங்கினார். ஊழியர் கண்ணில் படும்படி அதை அலுவலகத்தில் வைப்போம் என்றார்.

மூன்றாவது, கம்பனிக்காக இயந்திரமே பேசும் காலம் இது. எயார் கனடாவின் இணையத்தளத்தில் பதிலளிக்கும் இயந்திரம், உறவினர் இறந்து பயணம் போன ஒருவருக்குக் கட்டணச் சலுகை பற்றிப் பிழையான தகவல் கொடுத்தது. இயந்திரத்தின் பேச்சுக்குத் தான் பொறுப்பல்ல என்று கம்பனி வாதிட்டது. 2024 பெப்ரவரியில் தீர்ப்பு மன்றம் அதை நிராகரித்து நட்டஈடு செலுத்தச் சொன்னது. வாய் இயந்திரத்தினுடையது, பொறுப்பு கம்பனியினுடையது.

நான்காவது, வீண் பெருமைக்கும் விலை உண்டு. செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதாகப் பொய் சொன்ன இரு முதலீட்டு ஆலோசனைக் கம்பனிகள் மீது 2024 மார்ச்சில் அமெரிக்க அதிகாரிகள் நடவடிக்கை எடுத்தனர். அவை மொத்தம் 4 இலட்சம் டொலர் தண்டம் செலுத்தின.

ஆயினும் எல்லாம் தானாகவே திருந்திவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். பேஸ்புக்கின் தாய்க் கம்பனியான மெட்டா, அமெரிக்காவில் செய்திகளின் உண்மையைச் சரிபார்க்கும் சுயாதீன அமைப்புகளின் சேவையை நிறுத்துவதாக 2025 ஜனவரியில் அறிவித்தது. கேட்பார் இருக்கும் வரைதான் கம்பனியும் கவனமாக இருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது

அடுத்த முறை ஒரு கம்பனியின் வருத்த அறிக்கையை வாசிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என்ன நடந்தது என்பது தெளிவாக உள்ளதா? பாதிக்கப்பட்டவர் யார் என்று சொல்லப்பட்டுள்ளதா? எதை, எப்போதைக்குள் திருத்துவார்கள் என்று வாக்களித்துள்ளார்களா? மூன்றுக்கும் விடை இல்லையென்றால் அது மன்னிப்பல்ல, வெறும் விளம்பரம்தான்.

உங்கள் தாய்மொழியிலேயே முறைப்பாடு செய்யுங்கள். அனுப்பிய திகதியையும் கிடைத்த பதிலையும் எழுதி வையுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் வரும் முறைப்பாட்டை வாசித்து விளங்கிக்கொள்ள ஆட்களை வைப்பது கம்பனியின் கடமை. அந்தக் கடமையை 2018இலேயே செய்திருந்தால், 2020இல் மன்னிப்புக் கேட்க வேண்டிய தேவை குறைந்திருக்கும்.