ஆமைக்குஞ்சுக்கு அம்மாவைத் தேட வேண்டாம்

திருப்பூர் ஊத்துக்குளி ரோட்டில், நஞ்சராயன் குளத்தை ஒட்டிக் குடியிருந்தால், மழைக்கு மறுநாள் லைன் வீட்டுப் பையன்கள் பெயின்ட் பக்கெட்டில் எதையாவது பிடித்து வருவார்கள். போன வாரம் வந்தது உள்ளங்கையில் பாதிகூட இல்லாத ஆமைக்குஞ்சு. "ஆமை புகுந்த வீடு உருப்படாதுங்க, வெளிய வீசுங்க" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. "தொட்டியில விட்டு வளர்த்தா காசு சேருமுங்க" என்றார் எங்கள் கம்பெனி கட்டிங் மாஸ்டர். ஆமையைக் கேட்டால் இரண்டு பேரும் வேண்டாம் என்றுதான் சொல்லும்.

ஆமை முட்டையிட்டு மண்ணால் மூடியதோடு சரி, திரும்பிப் பார்க்காது. பொரித்து வரும் குஞ்சு முதல் நாளிலிருந்தே தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். அதனால் அடிபடாத குஞ்சை இருந்த இடத்திலேயே விட்டுவிடலாம். ரோட்டில் கிடந்தால் ஓட்டை இருபக்கமும் பிடித்துத் தூக்கி, அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே ஓரமாக விடுங்கள். வந்த பக்கமே திருப்பி விட்டால் மறுபடி ரோட்டுக்குத்தான் வரும்.

பாவம் பார்த்துக் குளத்தில் வீசுவதற்கு முன் காலைப் பாருங்கள். விரலிடையில் சவ்வும் குழாய்போல நீண்ட மூக்கும் இருந்தால் பால் ஆமை, கரையோரம் விடலாம். தூண் மாதிரிக் கால், மேடான ஓட்டில் மஞ்சள் கோடுகள் என்றால் நட்சத்திர ஆமை. அது நிலத்துப் பிராணி, தண்ணீரில் போட்டால் மூழ்கிச் செத்துவிடும். கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை தெரிந்தால் அது நம்மூர் ஆமையே இல்லை. கடையில் விற்கும் அமெரிக்க இனம். நஞ்சராயன் குளம் இப்போது பறவைகள் சரணாலயம், 2024 முதல் ராம்சர் தலம். அங்கே அதை விட்டால் உள்ளூர் ஆமைகளின் இரைக்குப் போட்டியாகிவிடும். வனத்துறையிடம் கொடுங்கள்.

அடிபட்டிருந்தால் தண்ணீரில் விடவே கூடாது. திருப்பூரில் அட்டைப்பெட்டிக்கும் பனியன் வேஸ்ட்டுக்கும் பஞ்சமா? பெட்டியில் காற்றுத் துளை போட்டு, ஈரத்துணி விரித்து, நிழலில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். பாலோ சோறோ வேண்டாம். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆமை உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம்.

வளர்க்கிற ஆசை இருந்தால் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். பால் ஆமையும் நட்சத்திர ஆமையும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. நட்சத்திர ஆமையை 2022 திருத்தம்தான் அங்கே ஏற்றியது. அதிர்ஷ்டத்துக்கு வைத்திருந்தேன் என்பது கோர்ட்டில் எடுபடாது.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போட்டே ஆக வேண்டுமென்றால் இடத்தின் பெயரைப் போடாதீர்கள். ஆமை கடத்துகிறவர்களும் போன் வைத்திருக்கிறார்கள்.