நாற்காலிக்குக் கட்டாயம், பேனாவுக்குச் சுதந்திரம்

தொடர்ந்து எழுதுவதற்கு உந்துதல் வேண்டுமா, ஒழுங்கு வேண்டுமா? ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியும் இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் விடை கிடைக்கிறது.

எழுத நினைத்தும் எழுத முடியாமல் தவித்துக்கொண்டிருந்த 27 கல்லூரி ஆசிரியர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் பாய்ஸ். தலைபோகிற அவசரம் இருந்தாலொழிய எழுதவே கூடாது என்று முதல் குழுவுக்குத் தடை. இரண்டாவது குழு மனம் வரும்போது எழுதலாம். மூன்றாவது குழுவின் பாடுதான் திண்டாட்டம். குறித்த நேரத்தில் எழுதியே தீர வேண்டும். தவறினால், தங்களுக்கு அறவே பிடிக்காத ஓர் அமைப்புக்குச் சொந்தப் பணத்திலிருந்து காசோலை அனுப்ப வேண்டும்.

ஆய்வு 1983இல் வெளியானது. கட்டாயத்தில் எழுதியவர்கள், மனம்போல் எழுதியவர்களைவிட மூன்றரை மடங்கு பக்கங்கள் எழுதியிருந்தார்கள். தண்டத்துக்குப் பயந்து பக்கத்தை நிரப்பியிருப்பார்கள், இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். பாய்ஸ் இன்னொன்றையும் கணக்கெடுத்திருந்தார். எழுதுவதற்கான புதிய யோசனை எத்தனை நாளுக்கு ஒருமுறை தோன்றியது? எழுதாமல் இருந்தவர்களுக்கு ஐந்து நாளுக்கு ஒன்று. மனம் வந்தபோது எழுதியவர்களுக்கு இரண்டு நாளுக்கு ஒன்று. கட்டாயத்தில் எழுதியவர்களுக்கு நாளுக்கு ஒன்று.

சிறிய ஆய்வுதான். யோசனைகளைக் குறித்துக் கொடுத்தவர்களும் அந்த ஆசிரியர்களேதான். ஆனாலும் ஒரு பழைய நம்பிக்கையை அது தலைகீழாக்கிவிட்டது. யோசனை வந்த பிறகு எழுதலாம் என்று காத்திருப்பவரிடம் அது அரிதாகவே வருகிறது. எழுத உட்கார்ந்துவிட்டவரைத்தான் அது தேடி வருகிறது.

அப்படியானால் எழுத்தாளரின் தலைக்குமேல் ஒரு கத்தியைத் தொங்கவிட்டால் போதுமா? இரண்டே ஆண்டுகளில் வந்த இன்னோர் ஆய்வு, அவ்வளவு சுலபமில்லை என்றது.

ஐந்து நிமிட நஞ்சு

உளவியலாளர் தெரசா அமாபிலி 1985இல் வெளியிட்ட அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள், எழுத்தில் ஈடுபாடு கொண்ட 72 இளைஞர்கள். முதலில் பனியைப் பற்றி ஒவ்வொருவரும் ஒரு சிறு கவிதை எழுதினார்கள். பிறகு அவர்களில் ஒரு பகுதியினரிடம், எழுதுவதால் கிடைக்கும் உள்மகிழ்ச்சி சார்ந்த காரணங்களின் பட்டியல் ஒன்று கொடுக்கப்பட்டது. சொற்களோடு விளையாடுவதில் உள்ள இன்பம், மனத்தில் உள்ளதைத் தெளிவாகச் சொல்லிவிடும் நிறைவு போன்றவை அதில் இருந்தன. இன்னொரு பகுதியினருக்குக் கொடுத்த பட்டியலில் வெளி ஆதாயங்கள்: நல்ல வேலை, பணம், மற்றவர்களின் பாராட்டு. பட்டியலில் உள்ளவற்றை முக்கியத்துவப்படி வரிசைப்படுத்த வேண்டும். ஐந்து நிமிட வேலை. மூன்றாவது பகுதியினருக்குப் பட்டியல் எதுவும் இல்லை. அதன்பின் எல்லோரும் சிரிப்பைப் பற்றி இரண்டாவது கவிதை எழுதினார்கள்.

யார் எந்தக் குழு என்று தெரியாத 12 கவிஞர்கள் அவற்றை மதிப்பிட்டார்கள். முதல் கவிதையில் குழுக்களிடையே வேறுபாடு இல்லை. இரண்டாவது கவிதையில், வெளி ஆதாயங்களை ஐந்து நிமிடம் நினைத்துக்கொண்டிருந்த குழு மட்டும் சரிந்திருந்தது. யாரும் அவர்களுக்குப் பணம் தருவதாகச் சொல்லவில்லை. பணத்தையும் பேரையும் பற்றிய நினைப்பே கவிதையின் தரத்தைக் கெடுக்கப் போதுமானதாக இருந்தது.

இதற்கு முன்னோடி ஒன்று உண்டு. 1973இல் மார்க் லெப்பரும் உடன் ஆய்வாளர்களும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்தின் மழலையர் பள்ளியில், வண்ணப் பேனாவால் படம் வரைவதில் ஆசையுள்ள குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சிலரிடம், வரைந்தால் ரிப்பன் கட்டிய சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லி, வரைந்ததும் கொடுத்தார்கள். ஓரிரு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாத சாதாரண விளையாட்டு நேரத்தில் கவனித்தபோது, சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதியைத்தான் பேனாவோடு செலவிட்டார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளுக்கு இப்படி ஆர்வம் குறையவில்லை.

கெடு எங்கே விழுகிறது?

ஒரு பக்கம், வெளிக்கட்டாயம் யோசனைகளைப் பெருக்குகிறது. மறுபக்கம், வெளி ஆதாயம் படைப்பைக் கெடுக்கிறது. இரண்டும் எப்படி ஒருசேர உண்மையாக முடியும்?

அந்த வெளிவிசை எந்த இடத்தில் விழுகிறது என்பதில்தான் விடை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பாய்ஸின் காசோலை கேட்டது ஒரே கேள்வி: இன்று எழுதினாயா? என்ன எழுதினாய், நன்றாக வந்ததா, யார் மெச்சுவார்கள் என்று அது கேட்கவில்லை. அமாபிலியின் பட்டியலோ கவிதைக்குள்ளேயே புகுந்துகொண்டது. எழுதும் கை ஒன்று, அதை எட்டிப்பார்க்கும் கண் இன்னொன்று என்று மனம் இரண்டாகிவிட்டது. உட்காருவதற்குக் கட்டாயம் இருக்கலாம். உட்கார்ந்த பிறகு எழுதுவதில் அது தலையிடக் கூடாது.

தமிழ் வார இதழ்கள் இந்த ஏற்பாட்டை ஆய்வு எதுவும் இல்லாமலே கண்டுபிடித்துவிட்டன. அதற்குப் பெயர் தொடர்கதை. ‘மேட்டர் வந்தாச்சா?’ என்ற கேள்வி எழுத்தாளரின் மனநிலையைப் பொருட்படுத்தாது. 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ வாராவாரம் வந்தது அந்தக் கெடுவுக்குள்தான். 84 வயதில் உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கினார், 1942இல் அவர் மறைந்ததால் தொடர் முற்றுப்பெறாமல் நின்றது. நம் காலத்தில் ஜெயமோகன் தனக்குத் தானே கெடு விதித்துக்கொண்டு, 2014 புத்தாண்டு நாளில் ‘வெண்முரசு’ வரிசையைத் தன் இணையதளத்தில் தொடங்கினார். அத்தியாயம் அத்தியாயமாக வெளியிட்டு, 26 நாவல்களுக்குப் பின் 2020இல் முடித்தார்.

எழுத்தை மட்டுமே நம்பி வாழ்பவர்களுக்குத்தான் இது சாத்தியம் என்பதில்லை. சுஜாதா பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்துகொண்டேதான் தொடர்கள் எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி ட்ரோலப் தபால் துறை அதிகாரி. காலை 5:30 மணிக்கு மேசைமுன் இருக்க வேண்டும் என்பதற்காக, காபியோடு தன்னை எழுப்பிவிடும் வேலைக்காரருக்கு ஆண்டுக்கு ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படிப்பார். பிறகு கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொற்கள். எழுதிய பக்கங்களை நாள்வாரியாகக் கட்டம் போட்ட ஏட்டில் பதிவார். ஒரு நாவலை முடித்த மறுநாளே அடுத்ததைத் தொடங்கியதும் உண்டு. மொத்தம் 47 நாவல்கள். அந்த ஏட்டில் தரத்துக்குக் கட்டம் கிடையாது.

பழக்கத்தின் எல்லை

‘21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். இதன் ஊற்றுக்கண், மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் 1960இல் எழுதிய தன்னம்பிக்கை நூல். மாறிய முகத்துக்கு நோயாளிகள் பழகிக்கொள்ள 21 நாளாவது ஆகிறது என்று அவர் கவனித்திருந்தார். ‘ஆவது’ காலப்போக்கில் உதிர்ந்துபோய், 21 சட்டமாகிவிட்டது.

லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் ஃபிலிப்பா லாலி குழுவினர் இதை நேரடியாகச் சோதித்தார்கள். 96 பேர் ஆளுக்கொரு புதிய பழக்கத்தை எடுத்துக்கொண்டு 12 வாரம் கடைப்பிடித்தார்கள். ஒரு செயல் தானாக நடக்கும் நிலையை எட்டுவதற்கு நடுத்தரமாக 66 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. அதே கணிப்பில் ஆளுக்கு ஆள் வித்தியாசமோ 18 நாளிலிருந்து 254 நாள்வரை. சாப்பிடும்போது ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது சீக்கிரம் பழகியது. உடற்பயிற்சி பழகுவதற்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு காலம் பிடித்தது.

எழுதுகிறவர்கள் இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாக்கியம் அமைப்பது ஒருநாளும் தண்ணீர் குடிப்பதுபோல் ஆகிவிடாது. எழுதும்போது மனம் எவ்வளவு பாரம் சுமக்கிறது என்பதை உளவியலாளர் ரொனால்ட் கெல்லாக் அளந்திருக்கிறார். எழுதிக்கொண்டிருப்பவர் இடையில் ஓர் ஒலி கேட்டதும் பதில் கொடுக்க வேண்டும். எவ்வளவு தாமதிக்கிறாரோ அவ்வளவு அவர் எழுத்தில் மூழ்கியிருக்கிறார். அடுத்த நகர்வை யோசிக்கும் தேர்ந்த சதுரங்க ஆட்டக்காரரின் உழைப்புக்கு எழுதுபவரின் உழைப்பு இணையாக இருந்தது.

அப்படியானால் எழுத்தில் எது பழக்கமாகும்? மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆன் கிரேபியல், எலிகள் பாதைக்கூண்டில் ஓடப் பழகும்போது அவற்றின் மூளையைப் பதிவுசெய்தார். மூளையின் ஆழத்தில், பழக்கங்களோடு தொடர்புடைய பகுதியின் நரம்பணுக்கள் ஆரம்ப நாட்களில் ஓட்டம் முழுவதும் துடித்தன. பழகிய பிறகு, ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும்தான் பலமாகத் துடித்தன. எலியின் ஓட்டத்தையும் மனிதரின் எழுத்தையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. ஆனால் பழக்கத்திடம் எந்த வேலையை ஒப்படைக்கலாம் என்பதற்கு இங்கே ஒரு துப்பு இருக்கிறது. நோட்டை விரிப்பது, பேனாவை எடுப்பது, நேற்றைய கடைசிப் பத்தியைப் படிப்பது என்ற தொடக்கத்தைப் பழக்கமாக்கலாம். நடுவில் உள்ள உழைப்பு உழைப்பாகத்தான் இருக்கும். ‘தினமும் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறதே, எனக்கு எழுத்து வராதோ’ என்ற சந்தேகத்துக்கு அதனால் ஆதாரம் இல்லை.

எங்கே, எப்போது?

1997இல் வெளியான பீட்டர் கோல்விட்ஸர், வெரோனிகா பிராண்ட்ஸ்டேட்டர் ஆய்வு எழுதுகிறவர்களுக்கென்றே செய்ததுபோல் இருக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவை எப்படிக் கழித்தீர்கள் என்று 48 மணி நேரத்துக்குள் ஓர் அறிக்கை எழுதி அனுப்பும்படி ஜெர்மனி மாணவர்களிடம் சொன்னார்கள். பாதிப் பேரிடம் மட்டும், எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுவீர்கள் என்று முன்பே குறித்து வாங்கினார்கள். விடுமுறைக் கொண்டாட்டத்தின் நடுவே, இப்படிக் குறித்துக் கொடுத்தவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் எழுதி முடித்தார்கள். மற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான். அக்கறை எல்லோருக்கும் இருந்தது. வேறுபாடு நேரமும் இடமும் மட்டுமே.

ஆகவே ‘இந்த ஆண்டு நாவல் எழுதுவேன்’ என்பதைவிட, ‘காலையில் காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும், சாப்பாட்டு மேசையில் 20 நிமிடம்’ என்பது பலமான தீர்மானம். ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு வேலையின் வாலில் எழுத்தைக் கட்டிவிட்டால், ‘இன்று எழுதலாமா, வேண்டாமா’ என்று தினமும் நடக்கும் பட்டிமன்றம் முடிந்துபோகும்.

நிறுத்தத் தெரிய வேண்டும்

தொடங்குவதைப் போலவே நிறுத்துவதற்கும் ஒரு முறை வேண்டும். விடிய விடிய எழுதித் தள்ளிவிட்டு வாரக்கணக்கில் சோர்ந்து கிடப்பது படைப்பாளியின் இலக்கணம் என்று ஒரு மயக்கம் நம்மிடம் இருக்கிறது. பாய்ஸ் 1997இல் இதையும் ஒப்பிட்டார். ஆவேசம் வந்தால் மொத்தமாக எழுதுபவர்கள், நிதானமாக அன்றாடம் எழுதுபவர்களைவிட மொத்தத்தில் குறைவாகவே எழுதினார்கள், யோசனைகளும் குறைவு, மனச்சோர்வு அளவீட்டில் மட்டும் கூடுதல்.

1950களில் ஹவானாவுக்கு வெளியே வசித்த அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வேயின் எழுத்தறைச் சுவரோரம், பெட்டி அட்டையில் செய்த ஓர் அட்டவணை இருந்தது. அன்றன்று எழுதிய சொற்களின் எண்ணிக்கை அதில்: 450, 575, 462, 1250, மறுபடி 512. அந்த 1250 மறுநாள் மனம் உறுத்தாமல் மீன்பிடிக்கப் போவதற்காக எழுதிய கூடுதல். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்திவிடுவது அவர் வழக்கம். வற்றும்வரை எழுதினால், மறுநாள் வெறும் தாளை வெறித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2018இல் இதற்கு ‘ஹெமிங்வே விளைவு’ என்றே பெயரிட்டார்கள். முடியும் தறுவாயில், மிச்சம் எவ்வளவு என்று தெரிந்த நிலையில் நிறுத்தப்பட்டவர்களிடம், மறுபடி தொடரும் ஆர்வம் அதிகமாக இருந்தது.

எழுத்து முட்டி நின்றால் எழுந்து நடப்பதும் வேலையின் பகுதிதான். ஸ்டான்ஃபோர்டில் மாரிலி ஒபெஸ்ஸோவும் டேனியல் ஷ்வார்ட்ஸும் 2014இல் செய்த ஆய்வில், நடந்தவர்களின் புதுமையான யோசனைகள் உட்கார்ந்திருந்தவர்களைவிடச் சராசரியாக 60 விழுக்காடு கூடின. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தாலும் பலன் இருந்தது. ஆனால் ஒரே சரியான விடையைத் தேடும் புதிர்களுக்கு நடை உதவவில்லை. கதையின் போக்கைத் தேட நடக்கலாம். பிழை திருத்த உட்காருவதே மேல்.

இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பிறகும் நாள் தவறத்தான் செய்யும். குழந்தைக்குக் காய்ச்சல் வரும், ஊரில் கல்யாணம் வரும், அலுவலகத்தில் ஆடிட் வரும். லாலியின் ஆய்வில் அதிகம் பேசப்படாத ஒரு முடிவு இங்கே கைகொடுக்கிறது: ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை. விட்ட நாளுக்கு வட்டி போட்டு மறுநாள் இரட்டிப்பாக எழுத வேண்டியதில்லை; வழக்கமான 20 நிமிடம் போதும். ஒரு வாரமே விட்டுப்போயிருந்தால், மன உறுதியைத் திட்டுவதற்கு முன் மூன்றைச் சரிபாருங்கள். தேர்ந்தெடுத்த நேரம் வீட்டு நடப்புக்குப் பொருந்துகிறதா? அன்றாட அளவு சோர்வான நாளிலும் முடிகிற அளவுதானா? கடைசியாக நிறுத்தியபோது அடுத்த வரி என்னவென்று தெரிந்திருந்ததா? ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும் அதை மாற்றிப் பாருங்கள். நேரத்தை அரை மணி தள்ளுவதும், அளவைப் பாதியாக்குவதும், நிறுத்தும்போது அடுத்த வரிக்கு ஒரு குறிப்பு எழுதி வைப்பதும் இன்றைக்கே செய்துவிடக்கூடியவை.