தண்ணீரும் எண்ணெயும்

தண்ணீரும் எண்ணெயும் ஒட்டாது என்பது நம் வீட்டுப் பேச்சு. ஆனால் மோட்டார் காரின் எஞ்சினுக்குள் இவை இரண்டும் கலந்து குழம்பிவிடுவதுண்டு. கவனியாது விட்டால் எஞ்சினே வீணாகும்.

1888 ஆகஸ்டில் பெர்தா பென்ஸ் அம்மையார் தம் மகன்கள் இருவருடன் ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை, கணவர் உருவாக்கிய வண்டியை ஓட்டிச் சென்றார். நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம் அது. நீர் ஆவியாவதால் குளிரும் எஞ்சின் ஆகையால், வழிநெடுகத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. எரிபொருள் குழாய் அடைத்தபோது, தம் தொப்பி ஊசியால் குத்திச் சீர்செய்தார். ஆகவே இது ஆண்களின் சங்கதி என்று நாம் ஒதுங்க வேண்டியதில்லை!

இன்றைய கார்களில், எத்திலீன் கிளைக்கால் சேர்ந்த 'கூலன்ட்' என்னும் நீர், பம்பினால் எஞ்சினைச் சுற்றி ஓடி ரேடியேட்டரில் குளிர்ந்து திரும்புகிறது. அதே எஞ்சினுக்குள் ஆயிலுக்கும் தனி வழிகள் உண்டு. சிலிண்டர் பிளாக்கும் ஹெட்டும் சேருமிடத்தில் இவ்விரு வழிகளையும் பிரித்து நிற்பது 'ஹெட் காஸ்கெட்' என்னும் மெல்லிய தகடே. எஞ்சின் அளவு மீறிச் சூடேறினால் ஹெட் வளையும்; காஸ்கெட் விட்டுக்கொடுக்கும்.

நோயை அறிவது எப்படி? எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும். உள்ளே பால் விட்ட காபி போன்ற குழம்பு மிதந்தால் ஆயில் கலந்துவிட்டது எனலாம். டிப்ஸ்டிக்கில் வரும் ஆயிலும் அதே நிறமானால் நிலைமை கடுமை. நீர் கலந்த ஆயில் பேரிங்குகளைக் காக்காது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் சிறிது வெண்மை தெரிந்தால் பதற வேண்டாம். குறுகிய தூரமே ஓடும் வண்டியில் அது வெறும் ஈரப்பதமாக இருக்கலாம்.

கூலன்ட் மட்டும் கெட்டு, ஆயில் தெளிவாக இருந்தால், ஹெட்டைக் கழற்றுமுன் ஆயில் கூலரைச் சோதிப்பது நலம். ஓடும்போது ஆயிலின் அழுத்தமே மிகுதி. ஆகவே கூலரில் கசிவு இருந்தால் அது நீர்ப்பக்கம் புகும். தானியங்கி கியர் வண்டியில் ரோஸ்மில்க் போன்ற குழம்பு கண்டால், கியர் ஆயில் வந்துவிட்டது என்று ஐயுறலாம். காஸ்கெட்டை அறிய, ரேடியேட்டர் வாயில் ஒரு நீலத் திரவத்தை வைப்பார்கள். எரிந்த வாயு பட்டால் பெட்ரோல் வண்டியில் அது மஞ்சளாகும். வகுப்பில் சுண்ணாம்பு நீரை ஊதிப் பார்க்கிறோமே, அதன் உறவுதான்.

முதலில் கசிவை அடைக்க வேண்டும், கழுவுவது பிறகுதான். கசிவடைக்கும் தூளையோ திரவத்தையோ ஊற்றுவதை நாம் விரும்பவில்லை. ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் அது அடைக்கக்கூடும். ஹெட்டின் சமதளத்தை அளந்து, தேவையானால் கடைந்து, புதுக் காஸ்கெட் வைத்து, தயாரிப்பாளர் நூல் சொல்லும் வரிசையிலும் இறுக்கத்திலும் போல்ட்டுகளை முடுக்குவர். பின், நுரைக்காத சுத்திகரிப்புத் திரவம் கலந்த நீரை ஓட்டிச் சூடேற்றி வடிக்க வேண்டும். ஒருமுறை போதாது, வடிநீர் தெளியும்வரை இதுவே வேலை. ஆயிலில் ஊறி உப்பிய ரப்பர் குழாய்களை மாற்றவேண்டும். ஆயில் கெட்டிருந்தால் அதையும் ஃபில்டரையும் மாற்றுவது அவசியம்.

வடித்த கூலன்ட் இனிக்கும் நஞ்சு. நாயும் பூனையும் நக்காதபடி மூடிவைக்க வேண்டும்.

சில நாள் ஓட்டியபின் மீண்டும் திறந்து பார்க்கலாம். மெல்லிய எண்ணெய்ப் படலம் தெரிந்தால் எஞ்சிய அழுக்காக இருக்கலாம். அது நாளுக்கு நாள் தடித்தால், கசிவு இன்னும் அடைபடவில்லை.