மயக்கம் என்றால் எந்த மயக்கம்?

நம்ம திருநெல்வேலிச் சீமையில் மயக்கம் என்கிற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு எத்தனை காரியம் பார்த்துவிடுகிறோம்! ஆனித் திருவிழாவில் ராட்டினம் சுற்றி இறங்கினால் மயக்கம். சாப்பிடாமல் வெயிலில் நின்று தேர் பார்த்துக் கண் இருட்டினால் மயக்கம். சளி மருந்து குடித்த பிள்ளை பாடப் புத்தகத்தின்மேல் சாய்ந்தால் அதுவும் மயக்கம்தான்.

இங்கிலீஷில் இப்படி ஒப்பேற்ற முடியாது. ராட்டின மயக்கம் 'டிஸ்ஸி', தலை கிறுகிறுக்கிறது. தேர் மயக்கம் 'ஃபெயின்ட்'; இன்னும் கொஞ்சத்தில் விழுந்துவிடுவோம். உடனே படுத்து, காலைச் சற்று உயர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும். மருந்து மயக்கம் 'டிரௌசி'. சளி மருந்து, பஸ் பிரயாண மாத்திரை சிலவற்றின் அட்டையில் இந்த வார்த்தை இருக்கும். அதைச் சாப்பிட்டவர் ஸ்கூட்டரைத் தொடக் கூடாது. கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்காமலிருப்பதும் நல்லது; அட்டையில் அதைப் போட்டிருக்க மாட்டார்கள்!

வில்லங்கமே 'ஸ்லீப்பி'க்கும் 'டிரௌசி'க்கும் நடுவில்தான். அகராதியில் இரண்டும் அக்கா தங்கச்சி மாதிரி. நோயாளிக் குழந்தை விஷயத்தில் அப்படி இல்லை. வெறும் தூக்கக் கலக்கமென்றால் தட்டியதும் சிணுங்கும், முகம் பார்க்கும், பால் குடிக்கும். மற்றது கண்ணைத் திறந்தாலும் நம்மைப் பார்க்காது, மறுபடி சொருகிவிடும்.

என் தங்கை மகனுக்கு இரண்டு வயதில் வயிற்றுப்போக்கு. அன்று பார்த்த டாக்டர் வடக்கே இருந்து வந்தவர். "டிரௌசியா?" என்று இங்கிலீஷில் கேட்டார். ராத்திரி பூரா பிள்ளை தூங்கவில்லையே என்ற நினைப்பில், "நோ டாக்டர், ஒன்லி ஸ்லீப்பி" என்று சொல்லிவிட்டாள் இவள். அவரும் உப்பு சர்க்கரைப் பொட்டலம் எழுதப் பேனாவை எடுத்துவிட்டார்.

கூடப் போன எங்கள் ஆச்சிக்கு இங்கிலீஷ் தெரியாது. "ஏட்டி, என்ன சொல்லுத? கூப்பிட்டா முழிக்க மாட்டக்கான், தண்ணி குடுத்தா கடவாயில வழியுதுன்னு சொல்லு!" என்றாள்.

நர்ஸம்மா அதை அப்படியே மொழிபெயர்த்ததும் டாக்டர் எழுந்து வந்தார். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். மடிப்பு உடனே படியவில்லை. உடம்பில் நீர் வெகுவாக வற்றிவிட்டதற்கு அது அடையாளம். அப்போதே டிரிப் ஏற்றினார்கள், பிழைத்துக்கொண்டான்.

ஆகையால் டாக்டர் என்ன வார்த்தை போட்டுக் கேட்டாலும், எழுப்பினால் எழுகிறதா, குடிக்கிறதா, கடைசியாக ஒண்ணுக்குப் போய் எத்தனை நேரமாயிற்று, இந்த மூன்றையும் தமிழிலேயே சொல்லிவிடுங்கள். எழுப்பினாலும் எழாத, குடிக்க முடியாத குழந்தையோடு வரிசையில் காத்திருக்க வேண்டாம். நேரே உள்ளே போய்ச் சொல்லுங்கள்.